உத்தரணி அளவு இனிப்பு

திருநீர்மலை, மாடம்பாக்கம், நங்கநல்லூர், குன்றத்தூர் என்று சென்னையின் தென்புறநகர்த் திருக்கோயில்களில் மாலை வேளையில் சற்று நின்று கவனிப்போருக்கு ஒரு காட்சி தவறாமல் புலப்படும். தீர்த்தத்துக்குக் குவிந்த கை, துளசிக்கும் திருநீற்றுக்கும் நீண்ட கை, சர்க்கரைப் பொங்கல் வரும்போது மட்டும் தயங்குகிறது. "சுகர் இருக்கிறது சாமி, துளி போதும்" என்கிறார் ஒரு பெரியவர். இன்னொரு அம்மையார் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பேரக்குழந்தையின் கையில் வைத்துவிடுகிறார். மூன்றாமவர் தொன்னை நிறைய வாங்கி, தூணருகே அமர்ந்து நிதானமாக உண்டு முடித்து, வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. மறுத்தவருக்குத் தெய்வக் குற்றமோ என்ற அச்சம். உண்டவருக்கு மருத்துவர் முகம் நினைவுக்கு வருகிறது.

இது ஏதோ சிலருடைய சங்கடம் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்போர் 13.6 கோடி. அறுபதைக் கடந்த அன்பர்கள் கூடும் எந்தப் பிரதோஷக் கூட்டத்திலும் இனிப்பை அஞ்சுவோரே மிகுதி என்று கொள்வதில் பிழையில்லை.

ஆனால் அஞ்ச வேண்டிய இடத்தை நாம் சரியாகத்தான் அறிந்திருக்கிறோமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 முதல் 5 கிராம். காலை எழுந்ததும் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலை ஒன்று என்று மூன்று வேளைக் காப்பி; வேளைக்கு 2 தேக்கரண்டி. நாளொன்றுக்கு 6 தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 25 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சேர்க்கப்படும் சர்க்கரைக்கு விரும்பத்தக்க எல்லையாகக் கூறிய அளவே ஏறத்தாழ அவ்வளவுதான். மாதத்துக்கு முக்கால் கிலோ. ஆண்டுக்கு 9 கிலோ. பிரசாதமாக உள்ளங்கையில் விழும் நெல்லிக்காயளவு பொங்கலிலோ ஓரிரு தேக்கரண்டி வெல்லம் இருந்தால் அதிகம். அதுவும் தினமும் கிடைப்பதன்று. வாரம் ஒருமுறை வரும் பிரசாதத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, நாள் தவறாமல் வரும் காப்பியை நாம் விசாரிப்பதே இல்லை. (காப்பியுடன் வரும் இரண்டு பிஸ்கட் தனிக் கணக்கு.)

வயது ஏற ஏற இனிப்பு ஆசை ஏன் விடுவதில்லை என்ற கேள்விக்கு நாவே பாதி விடை. நாவிலுள்ள சுவையணுக்கள் ஏறத்தாழ பத்து நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. முதுமையில் அந்தப் புதுப்பித்தல் தளர்கிறது. மூக்கின் மோப்பமும் மங்குகிறது. முன்பு ஒரு கரண்டியில் உணர்ந்த இனிப்பை உணர இப்போது ஒன்றரைக் கரண்டி தேவைப்படுகிறது. எனவே "வயதான காலத்தில் நாக்கு நீண்டுவிட்டது" என்று வீட்டார் கேலி செய்வது முழு நியாயமன்று. ஆசை கூடியதைவிட, சுவை குறைந்ததே பெரும்பாலும் நடந்தது.

மறு பாதி பழக்கம். பழக்கமென்பதால் அதை மாற்றவும் இயலும். உணவில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டவர்களுக்குச் சில வாரங்களில் நாவு இசைந்துவிடுகிறது. இரண்டு, மூன்று மாதங்களில் முன்பு அளவாகத் தோன்றிய இனிப்பே திகட்டத் தொடங்குகிறது. ஒரேயடியாக நிறுத்துவோர் பலர் நான்காம் நாள் பழையபடி திரும்பிவிடுகின்றனர். இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைப்பவர், ஆடி முதல் தேதியில் தொடங்கினால் ஆவணி முடிவதற்குள் சர்க்கரையில்லாத காப்பிக்கு வந்து சேரலாம். அப்போதுதான் நல்ல பாலுக்கென்று ஓர் இனிப்பு உண்டு என்பதே நினைவுக்கு வரும்.

இது நம்மவர்க்குப் புதிய பயிற்சியும் அன்று. கயையில் பித்ரு காரியம் முடித்து வருவோர் ஒரு காய், ஒரு கனி, ஓர் இலை என்று தமக்குப் பிடித்ததை விட்டு வருவது வழக்கம். ஆசைப்பட்ட பொருளையே விட வேண்டும் என்பார்கள் பெரியோர். ஆனால் சாமர்த்தியமாகப் பாகற்காயை விட்டுவிட்டு வருவோரும் உண்டு! காப்பியிலுள்ள சர்க்கரையை இறைவனுக்கென்று விட்டவர், திருவிழா நாளில் கைக்கு வரும் ஒரு துளிப் பொங்கலை உறுத்தலின்றி உண்ணலாம். தினப்படிச் செலவைக் குறைத்துச் சேமித்ததிலிருந்து எடுக்கும் சிறு தொகை போன்றது அது.

சர்க்கரைக்கு மாற்றாகச் சிறு டப்பியிலிருந்து தட்டினால் விழும் வில்லைகள் இப்போது பல வீடுகளில் காப்பி டபராவுக்கு அருகிலேயே இருக்கின்றன. 1879-இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட சாக்கரின் முதல் அஸ்பார்ட்டேம், சுக்ரலோஸ் வரை அவற்றில் பலவகை உண்டு. உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளோரை அந்தப் பரிந்துரை உள்ளடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே மருத்துவர் அனுமதித்து அளவோடு பயன்படுத்துவோர் கலங்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று உண்டு: வில்லை போட்ட காப்பியும் நாவுக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. பழக்கம் அப்படியே நிற்கிறது. சர்க்கரையின் இடத்தில் வேறொன்று அமர்கிறது, அவ்வளவே. இதைப் பொங்கலிலும் பாயசத்திலும் கலந்து நிவேதனம் செய்யலாமா என்று கேட்போரும் உளர். அஸ்பார்ட்டேம் அடுப்பின் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். மேலும் தெய்வத்துக்கு நீரிழிவு இல்லையே! நிவேதனத்தை முறைப்படி செய்து, உண்ணும் அளவைக் குறைப்பதே பொருத்தம்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறிவிட்டால் போதும் என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் சிறிது தாதுச் சத்து உண்டு, மணம் உண்டு. ஆயினும் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்தில் ஏறும்போது அது தன் பிறந்த ஊரைச் சொல்லிக்கொண்டு ஏறுவதில்லை.

நாவின் ஆசையை நாவிலேயே அடக்கும் ஒரு மூலிகை நம் மண்ணில் உண்டு. வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் படரும் சிறுகுறிஞ்சான் கொடி. சர்க்கரைக்கொல்லி என்ற பெயரும் அதற்கு உண்டு. அதன் இலை இரண்டை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயிலிட்டால் ஆற்று மணலை மெல்வது போலிருக்கும். கசப்பு, புளிப்பு, உப்பு ஆகியவற்றை உணர்வதில் பெரிய மாற்றம் இராது. இனிப்பு மட்டும் மறைந்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இந்த மாயம் நீடிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எட்ஜ்வொர்த் என்பவர் இந்த இலையை மென்றபின் தேநீரின் இனிப்பு தெரியாமல் போனதைக் கவனித்தார். பின்னர் உதகமண்டலத்தில் அரசுப் பணியில் இருந்த டேவிட் ஹூப்பர், அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து, ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டு 1887-இல் எழுதினார். நாவில் இனிப்பை ஏற்கும் இடங்களில் இப்பொருள் சென்று அமர்ந்துகொள்வதால் சர்க்கரைக்கு அங்கே இடமில்லாமல் போகிறது என்பது இன்றைய விளக்கம்.

வியப்புக்குரிய இலைதான். அதனாலேயே எச்சரிக்கையும் தேவை. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மையும் இதற்கு இருப்பதாகக் கருதப்படுவதால், மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் இதன் பொடியைத் தாமாக வாங்கி உண்ணுதல் கூடாது. இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடும். தென்புறநகர்வாசிகளுக்கு இதைக் கேட்டறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1928-இல் காசநோயாளிகளுக்கென டாக்டர் சௌரி முத்து தொடங்கிய நிலையத்தால் பெயர் பெற்ற தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. மதுமேகம் என்று சித்த நூல்கள் குறிக்கும் இந்நோய்க்கு அங்குள்ள அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனையில் ஆலோசனை பெறலாம். உண்டுவரும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்வது முக்கியம்.

வீட்டிலும் எளிய வழிகள் இல்லாமலில்லை. மாலை நான்கு மணிக்கு எழும் இனிப்பு ஆசை பல நேரங்களில் பசியோ தாகமோதான். அந்நேரத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டல் வைத்துப் பார்க்கலாம். நவராத்திரியின் ஒன்பது மாலையும், வியாழக்கிழமை தட்சிணாமூர்த்தி சந்நிதியிலும் நாம் காண்பது சுண்டல்தானே! அனுமனுக்கு வடைமாலையும் துளசியும், பெருமாளுக்குப் புளியோதரையும் தத்தியோன்னமும் உண்டு. தெய்வங்களுக்கு உகந்ததெல்லாம் இனிப்பு என்று யார் சொன்னது? ஒரு நெல்லிக்காயை மென்று தண்ணீர் குடித்தால் அந்தத் தண்ணீரே இனிக்கும். சர்க்கரை ஒரு துளியும் இல்லாத இனிப்பு அது. அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வோர் உண்டு. ஆனால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அழுத்தம் உள்ளோர் தவிர்க்க வேண்டும்.

மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லி. அன்று வைணவ ஆலயங்களிலெல்லாம் அக்காரவடிசில் மணக்கும். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதையும், பிற்காலத்தில் இராமாநுசர் அதை நிறைவேற்றியதையும் அறியாதார் இல்லை. நூறு தடா என்பது அவனுக்குப் படைக்கும் அளவு. நமக்கு உரியது கையில் விழும் அளவு. தீர்த்தத்தை நாம் உத்தரணியால் பெறுகிறோம், செம்போடு கேட்பதில்லை. பிரசாதமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. தொன்னையும், பிளாஸ்டிக் டப்பாவும், விலைக்கு விற்கும் பிரசாதக் கடையும் வந்தபிறகு பிரசாதம் சிற்றுண்டியாகிவிட்டது. விலை கொடுத்து வாங்கியதை மிச்சம் வைக்க மனம் வருவதில்லை.

வீட்டில் அக்காரவடிசில் செய்வோர் வெல்லத்தைப் பாதியாக்கி, பாலை நன்கு சுண்டவிட்டு, ஏலமும் பச்சைக் கருப்பூரமும் சேர்த்தால் குறை தெரியாது. நாவு மறந்ததை மணம் ஈடுசெய்யும். வெறும் வயிற்றில் உண்ணாமல், காய்கறியோடு உணவு உண்டபின், சோற்றில் ஒரு பிடியைக் குறைத்துக்கொண்டு உண்பது நல்லது. பொங்கலிலுள்ள அரிசியும் உடலுக்குள் சர்க்கரையாகத்தான் மாறுகிறது. உண்டபின் பத்து, பதினைந்து நிமிட நடை சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிக்கும். பிரசாதம் வாங்கியதும் வாசலை நோக்காமல் பிராகாரத்தை இன்னும் மூன்று முறை வலம் வந்தால் புண்ணியத்தோடு இதுவும் சேரும்.

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்கு அருகே கோயில்வெண்ணி என்னும் பாடல் பெற்ற தலத்துக்கு நீரிழிவு உள்ளோர் பலர் சென்று வருகின்றனர். அங்குள்ள இறைவன் கரும்பேசுவரர். இலிங்கத் திருமேனி கரும்புக் கட்டுப் போன்று காட்சி தரும். ரவையும் சர்க்கரையும் கலந்து, சுவாமிக்கு முன் வைத்து வேண்டி, பிராகாரத்தில் எறும்புகளுக்கு இடுவது அங்குள்ள பிரார்த்தனை. நம் பங்குச் சர்க்கரையை வேறோர் உயிர்க்குக் கொடுத்துவிடுகிறோம். நம்பிக்கையோடு சென்று வருவோர் மருந்தையும் நிறுத்தாமல் தொடர வேண்டும் என்பதை உடன் செல்லும் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிப்பைத் துறப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு; அதைப் பலர் எண்ணுவதில்லை. ஏகாதசியும் பிரதோஷமும் சஷ்டியும் உபவாசம் இருப்போர், இன்சுலினோ கிளைமிப்பிரைட் போன்ற மாத்திரையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு உண்ணாமலிருந்தால், மாலைக்குள் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாறும் பேச்சு ஆகியன அதன் அறிகுறிகள். கோயில் வரிசையில் நிற்கும்போது இவை வந்தால் கூட்ட நெரிசலின் களைப்பு என்று எண்ணிவிடுகிறோம். அப்போது இனிப்பே மருந்து: மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவு, சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். சர்க்கரையை வீட்டை விட்டே விரட்டி, செயற்கை இனிப்பு வில்லையை மட்டும் வைத்திருக்கும் வீடுகளில் அந்த வில்லை இவ்வேளையில் எள்ளளவும் உதவாது. வோக்லிபோஸ், அகார்போஸ் கலந்த மாத்திரை உண்போருக்குச் சாதாரணச் சர்க்கரையும் விரைந்து வேலை செய்யாது. குளுக்கோஸ் பொடியே வேண்டும். உபவாசத்துக்கு முன்பே மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டு, அர்ச்சனைக் கூடையில் தேங்காய், வெற்றிலையோடு ஒரு சிறு குளுக்கோஸ் பொட்டலத்தையும் ஒரு புட்டித் தண்ணீரையும் வைத்துக்கொள்ளலாம். அது எங்கே இருக்கிறது என்று உடன் வருபவருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.