ஊர்ப்புறப் பேருந்துக்கும் வேண்டும் ஒரு தரம்

திருப்பூர் - பல்லடம் சாலையில் வீரபாண்டி பிரிவு நிறுத்தத்தில் காலை நேரத்தில் நின்று பார்த்தால், ஒரே தடத்தில் எத்தனை வகைப் பேருந்துகள் ஓடுகின்றன என்பது விளங்கும். ஒன்றுக்கு வாசல் இரண்டு, மற்றொன்றுக்கு ஒன்றே. படியின் உயரமும் இருக்கை இடைவெளியும் வண்டிக்கு வண்டி வேறுபடுகின்றன. பனியன் நிறுவனங்களுக்கு விரையும் பெண்களும், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர்களும் இந்த வேறுபாட்டுக்கு ஏற்பத் தங்களை வளைத்துக்கொள்கிறார்கள்.

இதற்குக் காரணம் நம் பேருந்து பிறக்கும் விதம். அடிச்சட்டத்தை ஒரு தொழிற்சாலை தயாரிக்கிறது. கரூர் போன்ற ஊர்களில் உள்ள பட்டறைகள் அதன்மீது கூண்டு கட்டுகின்றன. 1972-இல் தமிழ்நாட்டில் பேருந்துகள் நாட்டுடைமையாகி, கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. ஆனாலும், ஒவ்வொரு கழகமும் தனக்கேற்ற கூண்டையே கட்டிக்கொண்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் மேற்கு ஜெர்மனி வேறு வழியைத் தேர்ந்தது. பொதுப் போக்குவரத்து நிறுவனங்களின் கூட்டமைப்பு 1960-களின் இறுதியில் நகரப் பேருந்துக்கும், 1970-களின் தொடக்கத்தில் ஊர்களை இணைக்கும் பேருந்துக்கும் பொது வடிவத்தை வகுத்தது. தயாரிப்பாளர்கள் பலராயினும் ஓட்டுநரின் இருப்பிடம், வாசல், சன்னல் ஆகியவை ஒரே அளவில் அமைந்தன. 1980-களில் அந்தத் தரமே திருத்தி எழுதப்பட்டது. தரம் என்பது கல்வெட்டு அல்ல என்பதற்கு அது சான்று.

இந்தியாவிலும் விதி இல்லாமல் இல்லை. 'ஏஐஎஸ் 052' எனும் கூண்டு கட்டுமான விதித் தொகுப்பு பேருந்துகளை நான்கு வகைகளாகப் பிரித்து, அவசர வழி, இருக்கை, கட்டமைப்பின் வலிமை ஆகியவற்றை வரையறுக்கிறது. 2008-இல் மத்திய அரசு நகரப் பேருந்துகளுக்குத் தனி வரையறை வெளியிட்டது. தாழ்தளம் 400 மி.மீ., அரைத் தாழ்தளம் 650 மி.மீ. என்ற அளவுகள் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தன. ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் நிதியும் அதைத் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் அத்திட்டத்தில் இடம்பெற்றவை சென்னை, கோவை, மதுரை மட்டுமே, திருப்பூர் இல்லை.

ஆக, பெருநகரத்துக்கு ஒரு தரம் கிடைத்தது. தொலைதூரப் பயணத்துக்கும் ஒன்று கிடைத்தது. கிராமத்திலிருந்து தொழில் நகரத்துக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் ஓடும் பேருந்தோ இடையில் நின்றுவிட்டது. பாரவண்டியை ஒத்த உயர்ந்த அடிச்சட்டமே இன்றும் அதற்கு வாய்க்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகத்தக்க போக்குவரத்தை வலியுறுத்துகிறது. கட்டணத் தடை நீங்கியும் படித்தடை நீங்கவில்லை என்றால், அந்த உரிமை பாதி உரிமையே.

தாழ்தளப் பேருந்து வேகத்தடையிலும் மழைநீரிலும் சிக்கும், விலையும் அதிகம் என்பார்கள். அந்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது. அதனால்தான் நகரத்து அளவை அப்படியே பெயர்த்து நடாமல், நம் சாலைகளில் ஓட்டிப் பார்த்து ஊர்ப்புறத்துக்கெனத் தனி வரையறை வகுக்க வேண்டும். அரைத் தாழ்தளம், அகன்ற இரு வாசல்கள், சீரான படிகள், எல்லாப் பணிமனைகளுக்கும் பொதுவான உதிரிபாகங்கள் ஆகியவை அதன் அடிப்படையாகலாம். கழகங்கள் ஒன்றாகக் கொள்முதல் செய்தால் விலையும் குறையும். கரூர்ப் பட்டறைகளுக்கும் நிலையான வேலை கிடைக்கும்.

அதை வகுக்கும்போது பொறியாளர்களோடு ஓட்டுநர், நடத்துநர், அன்றாடம் பயணிக்கும் பெண்கள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் குரலையும் அரசு கேட்க வேண்டும்.