பெட்டியைச் சுமந்த ரயில்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் மேனிஃபோல்ட் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. அடியில் சுண்ணாம்புப் பாறை. கோடையில் தண்ணீர் பாறை இடுக்குகளுக்குள் இறங்கிவிடும், படுகை காய்ந்து கிடக்கும். கரையில் மேய்ச்சல் நிலமும் கறவை மாடுகளும். கறந்த பால் கெடுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டுமே!

1904 ஜூனில் இங்கே ரயில் வந்தது. ஹல்ம் எண்டிலிருந்து வாட்டர்ஹவுசஸ் வரை சுமார் 13 கிலோமீட்டர். தண்டவாளங்களுக்கு நடுவே 762 மில்லிமீட்டர்தான் இடைவெளி. வளைந்து வளைந்து போகும் ஆற்றோரத்தில் அகலமான பாதை போடப் பணம் ஏது?

ஆனால் அடுத்த ஆண்டு வாட்டர்ஹவுசஸுக்கு வந்த பெரிய பாதையின் அளவு 1,435 மில்லிமீட்டர். பால் கேன்களை அங்கே ஒவ்வொன்றாக இறக்கி, வேறு வண்டியில் ஏற்றினால் நேரமும் கூலியும் வீண். பொறியாளர் எவரார்ட் கால்த்ராப் இதற்கு ஒரு வழி கண்டார். மகாராஷ்டிரத்தின் பார்சியில் இதே அளவில் குறும்பாதை போட்டு, 1897இல் ஓடவிட்டவர் அவர். மேனிஃபோல்டுக்கு வந்த இரண்டு எஞ்சின்களிலும் பார்சியின் சாயல் தெரிந்தது.

அவர் கொண்டுவந்தது ஒரு சுமைவண்டி. குறும்பாதையில் ஓடும் தாழ்வான இரும்புச் சட்டம், அதன்மேல் பெரிய அளவில் இரண்டு தண்டவாளங்கள். பெரிய பாதை முடியும் இடத்தில் சுமைவண்டியைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்துவார்கள். சரக்குப் பெட்டியை அப்படியே உருட்டி ஏற்றி, சக்கரங்களை அசையாமல் பிணைத்துவிடுவார்கள். சட்டம் தரையை ஒட்டி இருப்பதால், இருபுறமும் பிதுங்கி நிற்கும் பெரிய பெட்டிகூடக் கவிழாமல் போகும். வழியில் சில நிலையங்களில் பெரிய அளவில் துண்டுத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். பெட்டியை அங்கே இறக்கி விட்டுவிட்டுப் போகலாம், பால் ஏற்றியதும் வந்து எடுத்துக்கொள்ளலாம். இறக்கி ஏற்றும் வேலையே இல்லாமல் பால் லண்டன் வரை போனது. எனக்கு இந்த ரயிலின் மீது காதல் வரக் காரணமே இந்தச் சுமைவண்டிதான்.

பிறகு லாரி வந்தது, பண்ணை வாசலுக்கே. பாதையோரம் எக்டனில் இருந்த பாலாலையும் மூடப்பட்டது. பால் போனபின் ரயிலுக்கு வேறு பெரிய வருமானம் இல்லை. 1934 மார்ச்சில் நின்றுவிட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்த தடம் 1937 முதல் நடைபாதை.

அந்தத் தடத்தில் ஸ்வைன்ஸ்லியில் மட்டும் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது, அதில் இன்று கார்கள் போகின்றன. இவ்வளவு சின்ன ரயிலுக்கு ஏன் இத்தனை உயரமாகக் குடைந்தார்கள் என்று தோன்றும். ரயிலின் முதுகில் ஏறிவந்த அந்தப் பெரிய பெட்டி இடிக்காமல் நுழைவதற்குத்தான்.