பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதமும் கல்லூரிக் கணக்கும்

ஆண்டுதோறும் பி.யூ.சி. இரண்டாமாண்டுத் தேர்வு முடிவுகள் வெளியானதும், கோலார் தங்கவயலில் உள்ள எங்கள் கிளைக்குக் கல்விக்கடன் கேட்டு வருவோரின் எண்ணிக்கை கூடிவிடும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் எனப் பல பகுதிகளிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவர். அவர்களுள் பலருடைய குடும்பங்கள் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும்வரை அதையே நம்பி வாழ்ந்தவை. இன்று விடியுமுன் எழுந்து ரயிலேறிப் பெங்களூரு சென்று, வேலை முடித்து இரவில் வீடு திரும்பும் தந்தையரே மிகுதி. பிள்ளையின் பொறியியல் பட்டமே அவர்களுடைய பெரிய முதலீடு.

சென்ற ஆண்டு ஒரு தாயார் வந்தார். புதுக்கடன் கேட்டு அன்று. மகனுடைய படிப்பு நீண்டுவிட்டால் கடனைத் திருப்பிச் செலுத்தும் காலம் என்னவாகும் என்று கேட்டு வந்தார். மகன் பி.யூ.சி. கணிதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெற்றவன். கல்லூரியில் முதலாண்டின் இரண்டு பருவங்களிலும் கணிதத் தாளில் தேறவில்லை. “பி.யூ.சி.யில படிச்ச அதே கால்குலஸ்தான் சார் காலேஜ்லயும். அங்க வந்த கணக்கு இங்க ஏன் வரலை?” என்று அவர் கேட்டார். கடன் விதிகளைப் பற்றிய கேள்விக்கு எங்களிடம் விடை இருந்தது, இக்கேள்விக்கு இல்லை. வணிகவியல் படித்தவர்களான நாங்கள், கணித ஆசிரியர்கள் சிலரிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை வாடிக்கையாளர்களுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பாடம் ஒன்று, பார்வை வேறு

கர்நாடகப் பி.யூ.சி. அறிவியல் பிரிவில் முதலாண்டில் எல்லையும் வகையீடும் அறிமுகமாகின்றன. இரண்டாமாண்டில் தொடர்ச்சி, வகையீட்டின் பயன்பாடுகள், தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவை இடம்பெறுகின்றன. மத்தியக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வில் 80 மதிப்பெண்களில் 35 நுண்கணிதத்திற்கே உரியவை. பொறியியல் முதலாண்டிலும் பாடங்களின் பெயர்கள் ஏறத்தாழ இவைதாம். ஆயினும், பள்ளியில் ஒரு மாறியைக் கொண்ட சார்புகளைப் பார்த்த மாணவர், கல்லூரியில் பல மாறிகள் கொண்ட சார்புகளைச் சந்திக்கிறார். பள்ளியில் விடை காண்பது போதும்; கல்லூரியில் அவ்வழி ஏன் சரி, எப்போது பொருந்தாது என்பதும் தெரிய வேண்டும்.

இவ்வேறுபாட்டை எங்கள் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ரூ.10,000-ஐ ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியில் வைப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்த்தால் ஆண்டிறுதியில் ரூ.10,800. மூன்று மாதத்திற்கு ஒருமுறை சேர்த்தால் ரூ.10,824.32. மாதந்தோறும் சேர்த்தால் ரூ.10,830.00. நாள்தோறும் சேர்த்தால் ரூ.10,832.78. இனி மணிக்கொரு முறை, நொடிக்கொரு முறை சேர்த்தால் தொகை வளர்ந்துகொண்டே போகுமா? போகாது. எத்தனை முறை சேர்த்தாலும் ரூ.10,832.87 என்னும் அளவை அது நெருங்குமேயன்றித் தாண்டாது. இதுவே ‘எல்லை’ என்னும் கருத்து. யாக்கோபு பெர்னூலி 1683-இல் கூட்டுவட்டியை ஆராய்ந்தபோது இத்தகைய கேள்வியையே எழுப்பினார். இன்று ‘e’ என்று குறிக்கப்படும் எண் அவ்வாறு வெளிப்பட்டது.

கூட்டுவட்டி வாய்பாட்டில் எண்களை இட்டு விடை காண்பதைப் பள்ளி மாணவர் எவரும் செய்துவிடுவர். தொகை ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்று விளக்குவதே கல்லூரி எதிர்பார்ப்பது. முன்னதில் தொண்ணூறு மதிப்பெண் பெற்றவர் பின்னதில் தடுமாறுவதில் வியப்பில்லை.

ஆய்வு கூறுவது

பள்ளியில் நுண்கணிதம் படிப்பது கல்லூரிக் கணிதத்திற்கு உதவுகிறதா என்பதை அமெரிக்காவில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கு அப்பாடம் பள்ளியில் கட்டாயமில்லை. எனவே படித்தோரையும் படிக்காதோரையும் ஒப்பிட இயலும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் சாட்லர், கெர்ஹார்ட் சொன்னெர்ட் ஆகிய இருவரும் 133 கல்லூரிகளில் நுண்கணிதம் பயின்ற ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். பள்ளியில் நுண்கணிதம் படித்தது மாணவர்க்கு உதவியது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய கணிதத்தில், அதாவது இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல், சார்புகள் ஆகியவற்றில் பெற்ற தேர்ச்சியின் பயன் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது.

இன்னொரு செய்தியும் அதில் உண்டு. பள்ளி நுண்கணிதத்தால் மிகுதியான பயன் பெற்றோர் முன்னணி மாணவர் அல்லர். அடிப்படையில் சற்றுப் பின்தங்கியிருந்தோரே. ஆகவே, ‘என் பிள்ளைக்குக் கணக்கு அவ்வளவாக வராது, கால்குலஸ் எதற்கு?’ என்று ஒதுக்குவதற்கு இவ்வாய்வு இடம் தரவில்லை. அமெரிக்காவின் கணிதச் சங்கமும் கணித ஆசிரியர் மன்றமும் 2012-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுண்கணிதத்தை எட்டிவிடுவது பள்ளிக் கணிதத்தின் இறுதி நோக்கமன்று, கல்லூரிக்கு வேண்டிய அடித்தளத்தை அமைப்பதே நோக்கம் என்று வலியுறுத்தியது.

நம் நாட்டில் நிலை வேறு. அறிவியல் பிரிவில் கணிதம் எடுத்த மாணவர் நுண்கணிதத்தைத் தவிர்க்க இயலாது. வணிகவியல் பிரிவில் அடிப்படைக் கணிதம் எடுப்போரும் அதன் ஒரு பகுதியைப் படிக்கின்றனர். எனவே படிப்பதா வேண்டாமா என்பது நம் கேள்வியன்று. எவ்வாறு படிப்பது என்பதே கேள்வி.

தடுமாற்றம் எங்கே?

நாங்கள் கேட்டறிந்த ஆசிரியர்கள் ஒரே குரலில் சொன்னது இது: முதலாண்டு மாணவர் பலர் தொகையீட்டு முறை தெரியாமல் தோற்பதில்லை. பின்னத்தைப் பகுதிகளாகப் பிரிப்பதில், முக்கோணவியல் சமன்பாட்டைச் சுருக்குவதில், மடக்கையின் விதிகளைப் பயன்படுத்துவதில் பிழை செய்கின்றனர். ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளில் விட்ட இடைவெளி கல்லூரியில் வந்து தெரிகிறது.

நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கும் இதில் பங்குண்டு. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வில் கணிதத்திற்கு 60 வினாக்கள், 80 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் இருபது நொடிதான் கிடைக்கும். அங்கே வேகமே வெல்லும்; காரணம் எழுத நேரமில்லை, கேட்பாரும் இல்லை. இரண்டு ஆண்டுகள் அப்பழக்கத்திலேயே ஊறிய மாணவர், கல்லூரியில் ஒரு வினாவுக்குப் பக்கக்கணக்கில் படிப்படியாக விடை எழுத வேண்டியபோது திகைக்கிறார்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கணிதம் அறியாத பெற்றோரும் பிள்ளையின் அடித்தளத்தை ஓரளவு அறிந்துகொள்ளலாம். xன் வர்க்கத்தின் வகைக்கெழு 2x என்பதைப் பி.யூ.சி. மாணவர் எவரும் சொல்வர். “அது ஏன்? எனக்குப் புரியும்படி சொல்” என்று கேளுங்கள். புரிந்த பிள்ளை ஒரு வீட்டுமனையை வரைந்து காட்டும். நாற்பதடிச் சதுர மனையின் பரப்பு 1,600 சதுரஅடி. பக்கத்தை ஓரடி கூட்டினால் பரப்பு 1,681, கூடியது 81. பக்கத்தைப் பத்தில் ஓர் அடி மட்டும் கூட்டினால் கூடுவது 8.01, அதாவது அடிக்கு 80.1 என்னும் வீதம். இன்னும் குறைக்கக் குறைய அவ்வீதம் 80-ஐ நெருங்கும். 80 என்பது நாற்பதின் இரு மடங்கு. இரு பக்கங்களில் இரு நீண்ட பட்டைகள் சேர்வதே அதற்குக் காரணம். மூலையில் சேரும் சிறு சதுரம் தேய்ந்து மறைகிறது. இவ்வளவையும் சூத்திரமின்றிச் சொல்ல முடிந்த பிள்ளைக்குக் கல்லூரிக் கணக்கு அயலாக இராது. சொல்ல இயலாவிடில் கலங்க வேண்டியதில்லை. தேர்வு முடிந்து கல்லூரி தொடங்குவதற்குள் கிடைக்கும் வாரங்களில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மீண்டும் எடுத்துச் செய்து பார்ப்பதே நல்ல தயாரிப்பு. அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

தேறாமற்போவதற்கு விலை உண்டு. எடுத்துக்காட்டாக, ரூ.4 இலட்சம் கல்விக்கடனுக்குப் பத்து விழுக்காடு தனிவட்டி எனக் கொண்டால், படிப்பு ஓராண்டு நீளும்போது வட்டி மட்டும் ரூ.40,000 கூடுகிறது. அவ்வாண்டின் கட்டணமும் வராமற்போன சம்பளமும் தனி.

எங்கள் ஊரின் ஆழம்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. ஆழம் கூடக்கூட விண்கதிர்த் துகள்கள் எவ்வீதத்தில் குறைகின்றன என்பதை இந்திய அறிவியலாளர் அங்கே அளந்தனர். 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தை முதன்முதலாகக் கண்டவர்களுள் அவர்களும் இருந்தனர். மாறும் வீதத்தை அளப்பதே நுண்கணிதம். எங்கள் பாட்டன்மார் இறங்கிய சுரங்கத்திலேயே அக்கணக்கும் நடந்தது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட தாயாரின் மகன் விடுமுறையில் பி.யூ.சி. முதலாண்டுப் புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து செய்து பார்த்தான். மறுதேர்வில் ஒரு தாளில் தேறிவிட்டான், இன்னொன்று எஞ்சியிருக்கிறது. “இப்பத்தான் சார் அவனுக்குப் புரிஞ்சு படிக்கிறான்” என்றார் அந்தத் தாயார். கல்விக்கடன் கேட்டு வரும் பெற்றோர் மதிப்பெண் பட்டியலுடன் இக்கேள்வியையும் மனத்தில் கொண்டு வருவார்களாக: பிள்ளை பெற்றது மதிப்பெண்ணா, தேர்ச்சியா?