உங்களுக்குத் தெரியுமா? பழைய கதை, புதுச் சிரிப்பு!

பினாங்கு மாநிலத்தின் சுங்கை பாக்காப் பிள்ளைகளின் காதில் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிக் கதைகள் விழுகின்றன. தெரிந்த கதையை வேடிக்கையாகத் திருப்பிச் சொல்லும் கலை மூன்றிலும் உண்டு.

★ அலிபாபாவைச் சிரிப்புப் படமாக்கிய பினாங்குக்காரர்!
1929இல் ஜார்ஜ் டவுனில் பிறந்தவர் மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லி. 1961இல் வெளிவந்த 'அலிபாபா பூஜாங் லாப்போக்' படத்தை இயக்கியதோடு, திருடர் தலைவனாகவும் நடித்தார். அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1941இல், தமிழ்த் திரையில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அலிபாபாவாக வந்து சிரிக்க வைத்துவிட்டார்.

★ பொய் ஜோசியர் வாங்கிய பரிசு
பாக் பெலாலாங் பழைய மலாய் நாட்டுப்புறக் கதை. ஜோசியமே தெரியாத சோம்பேறி ஒருவர் அரண்மனை ஜோசியர் ஆகிவிடுகிறார். விடுகதைப் போட்டி வந்ததும் நடுங்குகிறார். எதிராளியின் கப்பலருகே ஒட்டுக்கேட்ட விடைகள் அவரைக் காப்பாற்றுகின்றன. இதை ரம்லி 1959இல் படமாக்கினார். மறு ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்வானது.

★ ஆற்றங்கரைக் கணக்கு
அரசர் கட்டளை என்று சொல்லி முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே அவற்றின் முதுகில் தாவி ஆற்றைக் கடந்தது சாங் கஞ்சில் என்ற சருகுமான். வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் சீடர்களும் ஆற்றைக் கடந்தார்கள். கரையேறி எண்ணினால் ஓர் ஆள் குறைந்தது. எண்ணியவர் தன்னை விட்டுவிட்டு எண்ணினார்! அந்தத் தவறைச் சீடர்களுக்கு முன்பே பிடித்துவிடும் குழந்தைதான் விழுந்து விழுந்து சிரிக்கும். பரமார்த்த குரு கதைகள் 1822இலேயே ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சாயின.

★ மூன்று பூசணிக்காய்கள்
1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ வெளியிட்ட சின்ட்ரெல்லா கதையில் பூசணிக்காய் தங்க ரதமாகிறது. பரமார்த்த குருவின் சீடர்களோ அதைக் குதிரை முட்டை என்று நம்பிக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மலாய்க் கதையின் சீ லுஞ்சாய்க்கு அது உயிர் காத்த பொருள். அரசரின் வழுக்கைத் தலையைப் பற்றிப் பேசிய குற்றத்துக்காக அவனைக் கடலில் தள்ளக் கொண்டுபோனார்கள். அவன் படகோட்டிகளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுத்தான். அவர்கள் பாடி மகிழ்ந்திருக்கும்போதே பூசணிக்காய்களோடு குதித்துத் தப்பிவிட்டான்.

★ ஒரு கிண்ணம் சீனி
மூன்று பன்றிக்குட்டிகள் கதையை அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஷெஸ்கா 1989இல் ஓநாயின் வாயால் சொல்ல வைத்தார். பாட்டிக்குக் கேக் செய்ய ஒரு கிண்ணம் சீனி கடன் கேட்கப் போனதாம் அந்த ஓநாய். சளித் தும்மலில் வீடு சரிந்துவிட்டதாம்! சீனி என்றால் நம் ஊருக்கும் சொந்தம்தான்: சுங்கை பாக்காப் வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த சீமை. நம் முன்னோர் பலர் அங்கே பாடுபட்டார்கள். இந்த ஊர் ஓநாய் சீனி கேட்டு எந்த வீட்டுக்குப் போகும்? பிள்ளைகளிடமே கேளுங்கள்.

★ தமிழிலிருந்து மலாய்க்கு
நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி முன்ஷி அப்துல்லா தமிழும் அறிந்தவர். தமிழில் இருந்த பஞ்சதந்திரக் கதைகளை, தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு 1835இல் மலாய்க்குக் கொண்டுவந்தார். நம் கதைகளுக்கும் மலாய்க் கதைகளுக்கும் உறவு அன்றே உண்டு.

★ முதலில் மூலக்கதை!
பிரிட்டன் எழுத்தாளர் ரோல்ட் டால் 1982இல் ஆறு தேவதைக் கதைகளை வேடிக்கைப் பாட்டாக எழுதினார். அவற்றுள் ஒன்றில் சிவப்புத் தொப்பிச் சிறுமியே ஓநாயைச் சுட்டு, அதன் தோலில் கோட்டு போட்டுக்கொள்கிறாள். பழைய கதையில் ஓநாயிடம் ஏமாந்தவள் அவள் என்பது தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தத் திருப்பம் ருசிக்கும். ஆகவே பெற்றோரே, ஆசிரியர்களே, மூலக்கதையை முழுதாகச் சொல்லிவிடுங்கள். மறுநாள் முடிவை மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எந்த மொழியில் சிரிப்பு வருகிறதோ, அந்த மொழியிலேயே சொல்லட்டும்.