தட்டம்மை வைரஸுக்கு எதிராக ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்ததா?

தட்டம்மை வைரஸ் என்று ஒன்று இல்லை என ஜெர்மனியில் நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டதாக, வைரஸ்களை நம்பாதவர்கள் பல நாடுகளில் சொல்லி வருகிறார்கள். அப்படி எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. நடந்தது பரிசுப் பணத்துக்கான ஒரு வழக்கு.

வழக்கு என்ன?

ஸ்டெஃபான் லங்கா என்ற ஜெர்மன் உயிரியலாளர், தட்டம்மை மனபாதிப்பால் வருவது என்று வாதிடுபவர். அந்த வைரஸ் இருப்பதை நிரூபித்து, அதன் விட்டத்தையும் குறிப்பிடும் அறிவியல் கட்டுரையைத் தருபவருக்கு ஒரு லட்சம் யூரோ என்று 2011இல் அறிவித்தார். டேவிட் பார்டன்ஸ் என்ற இளம் மருத்துவர் ஆறு கட்டுரைகளை அனுப்பினார். பணம் வராததால் வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச்சில் ராவன்ஸ்பர்க் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

2016 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பரிசு அறிவிப்பவரே அதன் நிபந்தனையை வகுக்கலாம். லங்கா கேட்டது ஒரே கட்டுரை, வந்தவை ஆறு என்பதே காரணம். வழக்கில் நீதிமன்றம் நியமித்த நிபுணரோ, ஆறையும் சேர்த்துப் பார்த்தால் வைரஸ் இருப்பது உறுதி என்றே சொல்லியிருந்தார்.

ஒரே கட்டுரை ஏன் போதாது?

ஆறில் முதலாவது, அமெரிக்காவின் ஜான் எண்டர்ஸும் தாமஸ் பீபிள்ஸும் 1954இல் எழுதியது. வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும்; பாக்டீரியாவைப் போலத் தனியே வளர்க்க முடியாது. எனவே தட்டம்மை நோயாளிகளின் மாதிரிகளைச் சிறுநீரகச் செல்களில் சேர்த்தார்கள். செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பூதாகரமாகிச் சிதைந்தன. மாதிரி சேர்க்காத செல்களிலும் சிலவேளை இதையொத்த மாற்றம் தெரிந்ததை அவர்களே பதிவு செய்தார்கள்.

மறுப்பாளர்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே கட்டுரையில் இன்னொரு சோதனையும் உண்டு. நோய் தொடங்கும்போது எடுத்த ரத்த சீரம் அந்தச் சிதைவைத் தடுக்கவில்லை. குணமான பிறகு எடுத்த சீரம் தடுத்தது. சிதைத்தது எதுவோ, அதை எதிர்க்க நோயாளியின் உடல் கற்றுக்கொண்டிருந்தது.

பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கி அதன் உருவத்தைக் காட்டியது. சுமார் 16,000 எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத் தொடர் படிக்கப்பட்டது. தொற்று எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்பதை இன்று அதைக்கொண்டே தேடுகிறார்கள். எண்டர்ஸ் குழு பிரித்தெடுத்த வைரஸை வலுவிழக்கச் செய்து 1963இல் தடுப்பூசி வந்தது. வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு ஆய்வாளர்கள் ஒரே முடிவுக்கு வருவதுதான் இங்கே நிரூபணம். எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்பது பந்தய விதியாகலாம். அறிவியலின் விதி அல்ல.

வழக்கு நடந்த காலத்திலேயே பெர்லினில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தட்டம்மை தாக்கியது. 2015 பிப்ரவரியில் தடுப்பூசி போடப்படாத ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. 2020 மார்ச் முதல் ஜெர்மனியில் பள்ளியில் சேரும் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி கட்டாயம்.