நீட்டிய கையும் பூட்டிய கடிதங்களும்

சத்துருக்களை நேசியுங்கள் என்பது மலைப்பிரசங்கத்திலே வரும் கட்டளை. கட்டளையில் மயக்கமொன்றுமில்லை, ஆனால் அதற்கு இசையும் ஹிருதயம் ஒரே நாளில் உண்டாகிவிடுவதில்லை என்பதற்கு ஒரு மாதின் சரித்திரமே சாட்சி.

ஹாலந்து தேசத்து ஹார்லம் நகரில் தலைமுறை தலைமுறையாய்க் கடிகாரத் தொழில் செய்துவந்த குடும்பத்தில் 1892-இல் பிறந்த கோரி டென் பூம் அம்மையார், நாஜிகளின் ஆதிக்க காலத்தில் யூதர்களைத் தம் வீட்டிலே மறைத்து வைத்துக் காப்பாற்றிவந்து, ஒருவன் காட்டிக்கொடுத்ததனால் 1944 பிப்ரவரியில் குடும்பத்தோடு கைதானார். எண்பத்துநான்கு வயதுத் தந்தை பத்தே நாளில் காவலிலிருந்தபடி மாண்டார். தமக்கை பெட்ஸி அவ்வருஷ டிசம்பரில், இருவரும் அடைபட்டிருந்த ராவென்ஸ்புரூக் முகாமில் உயிர்நீத்தார்.

1947-இல், மன்னிப்பைப் பற்றி மியூனிக் நகரத்துச் சபையொன்றில் பேசி முடித்த அம்மையாரை நோக்கி, கூட்டம் கலைகையில் ஒருவன் வந்தான். அவனைக் கண்ட க்ஷணத்திலேயே, முகாமின் அந்தப் பெரிய அறையும், தரையில் குவிந்துகிடந்த உடைகளும், அவமானத்தால் குறுகி நடந்த தமக்கையின் மெலிந்த உருவமும், அங்கே காவலனாயிருந்த அவன் இடையில் தொங்கிய தோல் சவுக்கும் அம்மையாருக்கு ஒருங்கே நினைவுக்கு வந்தன. அவனுக்கோ அவரை அடையாளம் தெரியவில்லை. தான் இப்போது கிறிஸ்தவனென்று சொல்லி, மன்னிப்பு வேண்டிக் கையை நீட்டினான். சற்றுமுன் மன்னிப்பைப் பிரசங்கித்த அம்மையாரின் கை எழவில்லை. அன்பு வரவில்லை, கையை மட்டும் தூக்குகிறேன், மற்றதை நீரே தாரும் என்ற பொருள்பட மனத்துக்குள் ஜெபித்து, மரக்கையை நீட்டுவதுபோல் நீட்டினார். பற்றிய பிறகுதான் அன்பு சுரந்தது. மனம் கனியட்டும் என்று நாம் காத்திருக்கிறோமே, அந்தக் கிரமம் இங்கே தலைகீழாயிற்று.

இச்சம்பவத்தோடு கதையை நிறுத்திவிடுபவர்கள் பலர். எனக்கோ பிற்பகுதியே அதிக விசேஷமாய்த் தோன்றுகிறது. முகாம் காவலனை மன்னித்த அதே அம்மையார், பிற்காலத்தில் தாம் நேசித்த கிறிஸ்தவ சிநேகிதர் சிலர் இழைத்த தீங்கை மறக்கமாட்டாமல் இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டார். மன்னித்துவிட்டேனென்பார், விடிந்தால் கசப்பு மீண்டும் தலைதூக்கும். லுத்தரன் போதகர் ஒருவர் அவருக்குக் கோபுரமணியைக் காட்டி, கயிற்றை விட்ட பிறகும் மணி சிறிது நேரம் ஒலித்தே அடங்கும் என்று விளக்கினாராம். பகைவன் அந்நியன், அவனுக்காக நம் நெஞ்சில் இடமொன்றும் ஒதுக்கியிருக்கவில்லை. சிநேகிதன் உள்ளே குடியிருந்தவனாதலால் அவன் செய்த காயத்துக்கு ஆழம் அதிகம்போலும்.

வருஷங்கள் சென்றன. அந்த விஷயம் தீர்ந்துவிட்டதென்று ஒரு நண்பரிடம் சொல்லிய அம்மையார், தம்மை அறியாமலே, அச்சிநேகிதர்களின் குற்றம் அவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களிலேயே தம்மிடம் பத்திரமாயிருப்பதாகவும் சொல்லிவிட்டார். (இவ்வித பத்திரங்கள் என் பெட்டியடியிலும் சில கிடக்கின்றன, ஆதலால் சிரிக்கத் துணியவில்லை.) தேவன் மன்னித்த உம் பாவங்களுக்கும் இப்படி ஒரு கட்டு எங்காவது இருக்கிறதா என்பதுபோல் நண்பர் மென்மையாய்க் கேட்டார்.

அன்றிரவு அம்மையார் அக்கடிதங்களை எடுத்து நெருப்பிலிட்டார்.