பழைய பெயரைக் கைவிடாதீர்கள்

கடையை வேறு தெருவுக்கு மாற்றினால் பழைய கதவில் 'இடம் மாற்றம்' என்று போர்டு மாட்டாத வியாபாரி கிடையாது. ஆனால் வெப்சைட் பெயரை மாற்றும்போது மட்டும் நம்மில் பலர் பழையதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "வருஷா வருஷம் எதற்குத் தண்டச் செலவு?" என்கிறார்கள்.

அந்தப் பழைய பெயர், நாம் கொடுத்த தினசரி காலண்டரிலும் மஞ்சள் பையிலும் அச்சாகி ஊரெல்லாம் போயிருக்கிறது. பணம் கட்டாமல் விட்டால், கெடு முடிந்த பிறகு அதை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் பஜாரில் ஓர் எண்ணெய் வியாபாரியின் பழைய பெயரில் இப்போது சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. அவர் கொடுத்த காலண்டரோ வாடிக்கையாளர் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது!

ஆகவே பழைய பெயரைப் புதுப்பித்து, அங்கே வருகிறவர்களைப் புதிய பெயருக்குத் திருப்பிவிட வேண்டும். இதில் 301 என்றால் நிரந்தர மாற்றம்; 302 என்றால் தற்காலிகம். வேலை செய்துதரும் தம்பியிடம் 301 என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். ஒவ்வொரு பழைய பக்கமும் அதற்குரிய புதிய பக்கத்துக்குப் போக வேண்டும். எல்லோரையும் முகப்பிலேயே இறக்கிவிட்டால், துவரம்பருப்பு விலை பார்க்க வந்தவர் வந்த வழியே போய்விடுவார்.

சரி, வந்தவர் எந்த வழியாக வந்தார்? முந்தைய தளம் எது என்பதை பிரவுசர் 'ரெஃபரர்' என்ற குறிப்பில் சொல்லும். (1996-ல் வெளியான விதிமுறையிலேயே இந்தச் சொல் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைவாகப் பதிவாகி, இன்றுவரை அந்தப் பிழையோடுதான் ஓடுகிறது.) ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. திருப்பிவிடப்பட்டு வந்தவரின் குறிப்பில் நம் பழைய பெயர் இருக்காது. அதற்கு முன் அவர் எந்தத் தளத்தில் லிங்க்கைத் தொட்டாரோ அதுதான் இருக்கும். காலண்டரைப் பார்த்து நேராக டைப் செய்தவர் என்றால் குறிப்பே காலி. வாட்ஸ்அப் வழியாக வருகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

லாரியில் ஏற்றும் மூட்டையில் பார்ட்டி மார்க் போடுகிறோம் அல்லவா, அதே வேலையை இங்கும் செய்யலாம். திருப்பிவிடும்போதே முகவரியின் கடைசியில் 'யுடிஎம்' என்ற அடையாளத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய பெயருக்கு ஓர் அடையாளம், பில்லில் அச்சிடும் கியூஆர் கோடுக்கு வேறோர் அடையாளம். கூகுள் அனலிடிக்ஸ் தனித்தனியாகக் கணக்கு வைக்கும். அடுத்த வருஷம் எத்தனை காலண்டர் அடிப்பது என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு உதவும்.

பெயர் உங்கள் பெயரிலும் உங்கள் ஈமெயிலிலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். டிசைன் செய்தவர் பெயரில் இருந்தால் பாத்தியதை அவருக்குத்தான். டாட் காம் பெயருக்கு 10 வருஷம் வரை ஒரே தடவையில் கட்டிவிடலாம்.